கவிழ்த்து வைத்த பெட்டி

1995 மார்ச் 16, வியாழக்கிழமை. காலை 11.05.

அன்னலட்சுமி சந்தையிலிருந்து திரும்பியபோது முன்னறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உட்துறைமுக வீதியில் இருந்த அந்த வீட்டின் முன்னறைதான் அவளுடைய கணவர் சிவகுருநாதனின் ரேடியோ திருத்தும் கடை. மரக்கறிப் பையை நிலத்தில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

சிவகுருநாதன் வேலை மேசைமேல் சரிந்து கிடந்தார். இடது கை ஒரு பழைய அம்பிளிபயர் பெட்டியின் இரும்புச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது. வலது சுட்டுவிரல் நுனி கருகியிருந்தது. மின்சாரம் அளக்கும் கை மீற்றர் மேசையின் ஓரத்தில் கிடந்தது.

அவள் அலறவில்லை. முப்பது வருடம் ரேடியோக்காரனோடு வாழ்ந்தவள். முதலில் வாசலோரச் சுவரில் இருந்த சுவிச்சை நிறுத்தினாள். பிளக்கைக் கழற்றினாள். பிறகுதான் அவரைத் தொட்டாள். உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

மாலை மூன்று மணிக்கு மரண விசாரணை அதிகாரி பாக்கியரத்தினம் வந்தார். அம்பிளிபயர் மேசைமேல், வயிற்றுப்பக்கம் மேலே தெரிய, இரண்டு மரக்கட்டைகளில் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. அறுபதுகளில் துறைமுகத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன, கண்ணாடிக் குழல் வால்வுகளால் பாடும் ஸ்டீரியோ அது. வாங்கியவர் கனகசுந்தரம், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். 'கிளாக்கர் ஐயா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். வீட்டில் தட்டச்சு இயந்திரம் வைத்து, விண்ணப்பம் வேண்டியவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுப்பவர்.

"கடைசியாய் எப்ப அவரைக் கண்டனீங்கள்?" என்று, செய்தி கேட்டு வந்து நின்ற கனகசுந்தரத்திடம் பாக்கியரத்தினம் கேட்டார்.

"இண்டைக்குப் பத்து மணிக்கு, ஐயா. பெட்டி முடிஞ்சுதோ எண்டு பாக்க வந்தனான்."

"முடிஞ்சிருந்ததோ?"

"முக்கால்வாசி. போட்டுக் காட்டினவர். ரெண்டு பக்கமும் பாடினது. வலப்பக்கத்தில மட்டும் கொஞ்சம் இரைச்சல். அதையும் பாத்துத் தாறன் எண்டு, கறண்டை நிப்பாட்டாமலே கையை உள்ளுக்கு விட்டவர். கவனம் எண்டு சொல்லிப்போட்டு நான் பத்தேகாலுக்கு வெளிக்கிட்டிட்டன்."

தற்செயலான மின்தாக்கு என்று எழுதப்பட்டது. அடுத்த நாள் பின்னேரம் தகனம் முடிந்தது.

மார்ச் 17, வெள்ளிக்கிழமை. காலை 8.00. மூதூர்.

செய்தியை, விரிகுடாவைக் கடந்து மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகில் ரிக்கட் கிழிப்பவர் கொண்டுவந்தார். ஸஹாப்தீன் வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே போய், அலுமாரியின் மேலிருந்த பிஸ்கட் தகரப் பேணியை இறக்கினார்.

அந்தப் பேணி பத்து நாட்களாக அங்கே இருந்தது. ஏழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, அதே ரிக்கட்காரர் கையில் சிவகுருநாதன் கொடுத்தனுப்பியது. "என்னெண்டு திறந்து பாருங்களேன்" என்று மனைவி ஸல்ஹா மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் திறக்கவில்லை. திறக்காததற்கு அவரிடம் காரணம் இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு வரை அந்த உட்துறைமுக வீதிக் கடை இருவருக்கும் உரியது. பதினேழு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். அந்த ஆண்டு யூன் மாதம் யாரோ பெயர் போடாமல் ஆமிக்கு ஒரு மொட்டைப் பெற்றிசம் போட்டார்கள். இயக்கப் பொடியன்களின் தொலைத்தொடர்பு செற் ஒன்றை ஸஹாப்தீன் திருத்திக் கொடுத்தார் என்று. பதினொரு நாள் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன.

செற்றைத் திருத்தியது உண்மை. மறுக்க முடியாத இடத்திலிருந்து வந்த வேலை. அதைக் கொண்டுவந்த பொடியன் அடுத்த வாரமே செத்துப்போனான். மீதி அறிந்தவர்கள் இரண்டு பேர். தான் ஒருவர், சிவகுருநாதன் மற்றவர். கணக்கு அவ்வளவுதான், எழுதிப் போட்டது சிவகுருநாதன்தான் என்று ஸஹாப்தீன் நினைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வால்வு சோதிக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மூதூருக்கு வந்தவர், ஐந்து வருடமாக அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

பேணிக்குள் நான்கு பெரிய வால்வுகள். இரண்டின் கண்ணாடி உள்ளே கருமை படிந்திருந்தது. நான்கையும் சுற்றியிருந்தது அழுக்கான ஒரு கறுப்புத் தாள். தொட்டதும் விரலில் ஒட்டியது. அடியில் சிவகுருநாதனின் கையெழுத்தில் ஒரு துண்டு:

"இவற்றைச் சோதித்துப் பார். வலது சோடி அளவுக்கு மேலே சுட்டுச் சிவக்கிறது. சுற்றியிருக்கும் தாளைக் கசக்கிப் போடாதே. நீ வந்தால் கதைப்போம். வா."

ஸஹாப்தீன் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மார்ச் 18, சனிக்கிழமை. காலை 10.20.

இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் பேணியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினார். "ரேடியோ பல்ப்" என்றார். விட்டார்கள்.

செத்த வீட்டு முற்றத்தில் கதிரைகள் இன்னும் அடுக்கப்படவில்லை. அன்னலட்சுமி வெளியே வந்தாள். அவர் கையிலிருந்த பேணியைப் பார்த்தாள்; பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய தம்பி ஆனந்தராசா லிங்கநகரிலிருந்து வந்து நின்றான். அரசாங்கக் காணிக் கந்தோரில் வேலை.

"நானா, இருங்கோ" என்றாள் அவள், எப்போதும் அழைக்கும் அண்ணன் முறையில்.

ஸஹாப்தீன் உட்காரவில்லை. "தங்கச்சி, அவன் கையை உள்ளுக்கு விடமுந்திப் பிளக்கைக் கழட்டிப் போடுற ஆள்."

"ஓம். சாகிற அண்டு வரைக்கும் அப்பிடித்தான்."

"நீங்க வரக்குள்ள பிளக்?"

"குத்தினபடி. சுவிச்சும் போட்டபடி."

"பெட்டிய யாரும் அசைச்சதா?"

"இல்லை. பொலிசும் பயத்தில தொடயில்லை. நான்தான் சீலையால மூடி விட்டனான்."

"இதைத் தேடி யாரும் வந்ததா?"

"கிளாக்கர் ஐயா. நேற்றுச் சுடலையால வந்த கையோட வந்து நிண்டவர். பெட்டியையும் கேட்டவர், வால்வு சுத்தி வந்த கடுதாசியையும் கேட்டவர்."

"கடுதாசியையா?"

"திரும்பச் சுத்திக் கட்டுறதுக்காம். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டிட்டன்."

ஆனந்தராசா குறுக்கிட்டான். "நானா, குறை நினையாதேங்கோ. விசாரணை முடிஞ்சுது, எழுதியும் ஆச்சு. சமாதானம் எண்டு இப்ப ரெண்டு மாசமாய்த்தான் சனம் மூச்சு விடுது. இதைக் கிளறினா வில்லங்கம் எங்களுக்குத்தான்."

"தம்பி, நான் கிளற வரல்ல. பெட்டியப் பாக்க வந்த."

சீலையை விலக்கினார். ஒன்றையும் அசைக்காமல் பதினைந்து நிமிடம் பார்த்தார்.

வலப்பக்கச் சுற்றில் ஒரு புதிய கொண்டென்சர், விரல் நுனியளவு மின்தேக்கி. பழையது கசிந்து, அதனால் வால்வுகள் அளவுக்கு மேலே சுட்டிருக்கின்றன. சிவகுருநாதன் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். புதியதன் ஒரு காலுக்கு ஈயம் வைத்திருந்தது. மற்றக் கால் எதிலும் ஒட்டாமல் நிமிர்ந்து நின்றது.

அடுத்தது மீற்றர். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் உள்ளே ஊசி வலது ஓரத்தில் மோதி வளைந்து கிடந்தது. அளவு மாற்றும் திருகு, மின்தடை அளக்கும் இடத்தில் நின்றது. அளக்கும் கம்பியின் நுனி முள்ளை அசைத்தும் ஊசி உயிர்பெறவில்லை.

கடைசியாக, கவிழ்ந்திருந்த பெட்டியின் ஒரு பக்கத்தை இலேசாகத் தூக்கி, கையை அடியில் விட்டுத் தடவினார். நான்கு இடங்களைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

பிறகு சன்னலோரம் போய், சட்டைப் பையிலிருந்த கறுப்புத் தாளை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். வெகுநேரம் பிடித்தபடியே நின்றார். அன்னலட்சுமி தண்ணீர் கொண்டுவந்து வைத்ததை அவர் கவனிக்கவில்லை.

"நானா?"

அவர் தாளை மடித்தார். "தம்பி, பாக்கியரத்தினம் ஐயாவைக் கூட்டிட்டு வாங்க. கிளாக்கருக்கும் சொல்லுங்க. பெட்டியை எடுத்துட்டுப் போகலாம் எண்டு சொல்லுங்க."

மாலை 4.30.

பாக்கியரத்தினத்தோடு ஒரு பொலிஸ் சார்ஜனும் வந்திருந்தார். கனகசுந்தரம் வெள்ளை வேட்டி சேட்டோடு வந்து, வாசலோரம் வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த கதிரையில் அமர்ந்தார். இருபது வருடமாக அவர் அமரும் இடம். சுவிச்சு அவருடைய தோளுக்கு நேரே இருந்தது.

"ஸஹாப்தீன், கன காலம் காணேல்லை" என்றார்.

"ஓம், கிளாக்கர். ஒரு சின்ன விசயம் கேக்கணும். வியாழக்கிழமை இந்தப் பெட்டி பாடினதா?"

"பாடினது. விசாரணையிலயும் சொன்னனான்."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பாட்டு முழுக்க."

"அப்ப பெட்டி எப்பிடி இருந்தது?"

"இப்ப இருக்கிற மாதிரித்தான். வரேக்கையும் கவிழ்த்தபடி, போகேக்கையும் கவிழ்த்தபடி."

"நல்லாத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது? என்ர கண்ணால கண்டது."

"ஆனந்தராசா தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க."

இருவரும் பாரமான பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார்கள். முன்வரிசையில் நான்கு சிறிய வால்வுகள் இருந்தன. பின்வரிசையில் பெரிய வால்வுகள் நிற்க வேண்டிய நான்கு இடங்களும் வெறுமையாக இருந்தன. துளைகள் மட்டும் தெரிந்தன.

ஸஹாப்தீன் பேணியைத் திறந்து நான்கு வால்வுகளையும் வரிசையாக மேசைமேல் நிறுத்தினார்.

"ஐயா, இதுகள்தான் அதிலிருந்தது. சோதிக்கச் சொல்லி அவன் மூதூருக்கு எனக்கிட்ட அனுப்பினது. வியாழக்கிழமை இது நாலும் என்ட வீட்டு அலுமாரிக்கு மேல இருந்தது. இந்த நாலும் இல்லாம இதுல இருந்து ஒரு சத்தமும் வராது. பாட்டு வேணாம், இரைச்சல்கூட வராது."

பாக்கியரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிளாக்கர் பொய் சொல்ல நினைச்ச நேரம் பெட்டியின்ட வயிறுதான் மேல இருந்தது. அடியில வால்வு இருக்கா இல்லையா எண்டு அவருக்குத் தெரியாது. இருக்கும் எண்டு நினைச்சிட்டார்."

"முந்தி ஒரு நாள் பாடினதை நான் மாறிச் சொல்லியிருப்பன்" என்றார் கனகசுந்தரம். "வயசு போகுது."

"சரி. அதை விடுவம். ஐயா, இந்தக் கொண்டென்சரைப் பாருங்க. ஒரு கால்தான் ஒட்டியிரிக்கு. அரைகுறையா நிக்கிற வேலைக்கு எவனும் கறண்ட் குடுக்க மாட்டான். இனி இந்த மீற்றர். மின்தடை அளக்கிற இடத்தில வச்சிரிக்கு. அது கறண்ட் இல்லாத நேரம் மட்டும் செய்யிற வேலை. அவன் அளந்துகொண்டிருக்கக்குள்ள கறண்ட் வந்தது. வந்த வேகத்தில ஊசி அடிச்சு வளைஞ்சது, உள்ளுக்கு எரிஞ்சும் போனது. விழுந்து உடைஞ்சிருந்தாக் கண்ணாடியல்லோ முதல்ல போகும்? முள் கறண்ட் உள்ளுக்கு வாற முனையில. முள்ளின்ட நுனியை விரலால அமுக்கிப் பிடிச்சிருக்கான். மற்றக் கை சட்டத்தில. சட்டம் எர்த் கம்பியால தண்ணிக் குழாயோட கட்டியிரிக்கு; கறண்ட் ஒரு கையால வந்து மற்றக் கையால போயிருக்கு. சிவகுருவின்ட கை மேசையில. சுவிச்சு ஆறடி தள்ளி, இந்தக் கதிரைக்குப் பக்கத்தில. அவன் எப்பிடி அதைப் போட்டான்?"

பாக்கியரத்தினம் மெதுவாகத் திரும்பினார். "ஆனா ஏன்? ஒரு பாட்டுப் பெட்டிக்காகவோ?"

ஸஹாப்தீன் கறுப்புத் தாளை நீட்டினார். "வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்க, ஐயா."

அது காபன் தாள். ஒரே ஒரு தடவை பாவித்தது. தட்டச்சு எழுத்துகள் விழுந்த இடமெல்லாம் மை போய், ஆங்கில வரிகள் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தன. திகதி 1990 யூன் 20. மூன்று பெயர்கள். முதலாவது, ரேடியோ திருத்தும் ஸஹாப்தீன்.

"தொண்ணூறில பிரச்சினை துவங்கக்குள்ள கிளாக்கர் பெட்டியக் கட்டி வச்சிட்டார். வால்வு உடையாம இருக்கக் கைக்கு வந்த தாளால சுத்திட்டார். இப்ப சமாதானம் எண்டதும் பாட்டுக் கேக்க ஆசை வந்தது. தாள் என்ன தாள் எண்டு மறந்து போச்சு. சிவகுரு சுத்தினதைப் பிரிச்சான். வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தான்." அவர் கதிரையின் பக்கம் திரும்பினார். "அந்த செற்றை நான் திருத்தினது மூணாவது ஆளுக்கும் தெரியும். இந்தக் கதிரையில இருந்துதான் கேட்டுக்கொண்டிருந்தார். கதிரையில இருக்கிற ஆளை நான் ஒரு நாளும் கணக்கில எடுக்கல்ல."

கனகசுந்தரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். பேசியபோது குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"என்ர மகனைக் கொண்டுபோய் ஒன்பது நாள். மூண்டு பேர் சொன்னால் விடுறம் எண்டாங்கள். மூண்டு பேர் அடிச்சுக் குடுத்தனான். அவன் வந்தான். இப்ப ஜேர்மனியில."

"மற்ற ரெண்டு பேரும் வரல்ல" என்றார் ஸஹாப்தீன்.

"தெரியும்."

"சிவகுரு என்ன சொன்னான்?"

"தாள் பத்திரமான கையில இருக்கு எண்டான். நீங்கள் வருவியளாம். வந்த பிறகு ரெண்டு பேருமாய்க் கொண்டுபோய் பாக்கியரத்தினம் ஐயாட்டைக் குடுக்கப் போறம் எண்டான். என்னோட சண்டை பிடிக்கேல்லை. அது வெளியில வந்தா என்னை உயிரோட விடுவாங்களோ? அந்த ரெண்டு பேரின்ர ஆக்கள் இப்ப ஊருக்குள்ள நடமாடுறாங்கள். சொன்னனான். கும்பிட்டும் பாத்தனான். 'ஸஹாப்தீன் வரட்டும்' எண்டு சொல்லிப்போட்டு மீற்றரைத் தூக்கிக்கொண்டு அங்கால திரும்பிட்டான்." அவர் சுவரைப் பார்த்தார். "பிளக் என்ர காலடியில கிடந்தது. குத்தினன். சுவிச்சைப் போட்டன். ரைப் அடிக்கிறதிலும் லேசான வேலை."

அன்னலட்சுமி உள்கதவில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. சார்ஜன் கனகசுந்தரத்தின் கையைப் பிடித்து எழுப்பினார்.

வழக்கு ஏப்ரல் 24ஆம் திகதிக்குப் போடப்பட்டது. 19ஆம் திகதி துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் வெடித்தன. சமாதானம் அத்தோடு சரி. லோஞ்ச் நின்றது, வீதிகள் மூடின, சாட்சிகள் வரவில்லை. வழக்கு இரண்டு தடவை தள்ளிப்போனது. மே மாத முடிவில் கனகசுந்தரத்துக்குப் பிணை கிடைத்தது. கொழும்புக்குப் போனார். அங்கிருந்து மகனிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். காபன் தாள் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை.

யூன் மாதம் லோஞ்ச் மறுபடி ஓடத் தொடங்கியதும் ஸஹாப்தீன் அன்னலட்சுமியிடம் இதைச் சொல்லப் போனார். கடை பூட்டியிருந்தது. பின்வாசலில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள்.

"எனக்குத் தெரியும், நானா. ஆனந்தராசா சொன்னவன்."

"நான் செய்யக்கூடியதச் செஞ்ச, தங்கச்சி."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். "ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்க."

"அந்தப் பேணி உங்கட கைக்கு எண்டைக்கு வந்தது?"

விசாரணையில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மழையிலோ சோதனையிலோ தாமதமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஸஹாப்தீன் பொய் சொல்லவில்லை.

"ஏழாம் திகதி. அண்டைக்கே வந்தது. கோவத்தில நான் திறக்கல்ல."

"பேணியைக் கட்டிக் குடுத்தது நான்தான்" என்றாள் அன்னலட்சுமி. "அதுக்குப் பிறகு மனுசன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூதூர் லோஞ்ச் வாற நேரம் பாத்து இறங்குதுறைக்குப் போய்விடுவார். கடைசி ஆள் இறங்கும்வரைக்கும் நிண்டுபோட்டுத்தான் வருவார். மீன் வாங்கப் போறார் எண்டு நான் நினைச்சனான், நானா. ஒரு நாளும் மீன் கொண்டு வரேல்லை."